ஒயிட்னர் பூசிய டூட்டி லிஸ்ட்

ஒரு ஆஸ்பத்திரி தன் நர்சுகளுக்குக் கொடுத்த அந்த மெமோவைப் பற்றி எழுதக் கூடாது என்று மூணு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஸ்கிரீன்ஷாட் பார்த்திருப்பீர்கள், திரும்பக் கதை சொல்லப் போவதில்லை. ஞாயிறு ராத்திரி பத்தே முக்காலுக்கு வாட்ஸப் குரூப்பில் டூட்டி லிஸ்டை மாற்றுகிறார்கள், திங்கள் காலை ஏழு மணிக்கு ஏன் வரவில்லை என்று மெமோ கொடுக்கிறார்கள். அதுகூடப் பழகிப்போன விஷயம். என்னைக் கிளப்பிவிட்டது நிர்வாகத்தின் விளக்கத்தில் இருந்த ஒரு வார்த்தை: ‘நெகிழ்வான பணிநேரம்’. அது போதாதென்று, நாம் எல்லோரும் மதிக்கிற ஒரு அண்ணன் (ஆமாம், அவரேதான்), “நர்ஸ் வேலைக்கு வந்துவிட்டு ஸ்கூல் பிள்ளை மாதிரி டைம்டேபிள் கேட்கலாமா?” என்று எழுதியிருக்கிறார். அதற்கு லைக் குவிகிறது.

கேட்கலாம் அண்ணே. டைம்டேபிள்தான் கேட்கிறோம்.

என் கொழுந்தனார் ஐடியில் இருக்கிறார். அவருக்கும் ‘ஃப்ளெக்ஸிபிள்’தான். பையனை ஸ்கூலில் விட்டுவிட்டுப் பத்தரைக்கு லாகின் பண்ணுவார், சாயங்காலம் கொஞ்சம் கூட உட்காருவார். அவர் நேரத்தை அவர் வளைக்கிறார். எங்களுக்கு அதே வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியுமா? அவர்கள் வளைப்பார்கள், நாங்கள் வளைய வேண்டும். முதுகு எங்களுடையது, நெகிழ்வு அவர்களுடையது.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருஷம் இருந்தேன். சர்ஜிகல் வார்டு. நர்சிங் ஸ்டேஷனில் ஒரு ஏ4 தாள் ஒட்டியிருக்கும், அதுதான் டூட்டி லிஸ்ட். மார்னிங்குக்கு எம், ஈவினிங்குக்கு ஈ, நைட்டுக்கு என், ஆஃபுக்கு ஓ. மாசம் பிறக்கும்போது தாள் சுத்தமாக இருக்கும். பத்தாம் தேதிக்குள் ஒயிட்னர் பூசிப் பூசி விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும், பழைய வீட்டுச் சுவர் மாதிரி. சில கட்டங்களில் ஒயிட்னர் மேல் ஒயிட்னர். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் நம்முடைய பழைய ‘ஓ’ தெரியும்.

2016-ல் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மூணு வாரம் முன்னாடியே இன்சார்ஜ் சிஸ்டரிடம் கெஞ்சி ஒரு ஓ வாங்கி வைத்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன், ஓ இருந்த இடத்தில் எம். ஒயிட்னர் சரியாகக் காயக்கூட இல்லை, என் விரலில் ஒட்டியது. “ஒரு ஸ்டாஃப் திடீர்னு லீவு, நான் என்னம்மா பண்றது?” என்றார் இன்சார்ஜ். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு மேலே இருந்தவர்கள் ஆள் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தைதான் அம்மாவை ஆட்டோவில் கூட்டிப் போனார். ஊருக்கெல்லாம் டிரஸ்ஸிங் பண்ணுகிற மகள் இருந்தும், அன்றைக்கு அம்மாவுக்குச் சொட்டு மருந்து ஊற்றியது அந்த அத்தைதான். “நீ போடி, உனக்கு எத்தனை பேஷண்ட் இருக்காங்க, நான் எங்கேயும் ஓடிப்போகப் போறதில்லை” என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிச்சலாகத்தான் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். “நோய் என்ன நேரம் பார்த்தா வருது?” இதைத்தான் நேற்றிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். ஏதோ நாங்கள் ஆஸ்பத்திரியைப் பார்த்ததே இல்லை என்பது போல. ஐயா, நோய் நேரம் பார்த்து வராது. ஆனால் வார்டு வேலை நேரம் பார்த்துத்தான் நடக்கிறது. காலை ஆறு மணிக்கு வைட்டல்ஸ் (பிபி, பல்ஸ், காய்ச்சல் பார்ப்பது), எட்டு மணிக்கு ஆன்டிபயாடிக், பத்து மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ், ராத்திரி மறுபடி ஊசி. எங்கள் வார்டில் 32 கட்டில். வருஷம் பூரா 32-ம் நிறைந்தே இருக்கும். எத்தனை பேர் தேவை என்று முந்தின மாதமே தெரியாதா? தெரியும். ஆனால் இரண்டு ஸ்டாஃபும் ஒரு ட்ரெய்னியும்தான் போடுவார்கள். பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கிற கணக்கு. நாங்கள் ஒருத்தி பதினாறு பேரைப் பார்த்தோம். லீவு போட்டவருக்குப் பதிலாக நிற்க ரிலீவர் என்று ஒருவரும் கிடையாது. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தியின் ஆஃப் போய்விடும். இந்த ஆள் பற்றாக்குறைக்கு வைத்த செல்லப் பெயர்தான் நெகிழ்வு.

இதிலே இன்னொன்று. ஈவினிங் முடித்த கையோடு மறுநாள் மார்னிங் போடுவார்கள். கணக்குக்கு ராத்திரி எட்டரைக்கு டூட்டி முடிகிறது. ஹேண்ட்ஓவர் கொடுத்து, ரிப்போர்ட் எழுதி வெளியே வர ஒன்பதே கால். ஆரப்பாளையத்தில் பஸ்ஸைப் பிடித்து வீடு சேரப் பத்தேகால். மறுநாள் ஏழு மணிக்கு யூனிஃபார்மில் நிற்க வேண்டும் என்றால் நாலே முக்காலுக்கு எழ வேண்டும். சோறு எப்போது, தூக்கம் எப்போது? 1977-லேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பு நர்சுகளுக்கென்று தனியாக ஒரு பரிந்துரை போட்டது. இரண்டு ஷிப்டுக்கு நடுவே தொடர்ச்சியாக 12 மணி நேரமாவது ஓய்வு வேண்டும், குடும்பத்தைத் திட்டமிட வசதியாக டூட்டி நேரத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும், உண்மையான அவசரத்தில்தான் மாற்ற வேண்டும். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகிறது. அதோடு சேர்ந்து வந்த ஒப்பந்தத்தை இந்தியா இன்னும் ஏற்கவே இல்லை. ஆக, டைம்டேபிள் கேட்பது எங்கள் திமிர் இல்லை அண்ணே, அது அந்த அமைப்பு ஜெனீவாவில் எழுதி வைத்தது.

அப்படி ஒரு ஈவினிங், மார்னிங், அதற்கடுத்த ராத்திரி என்று ஓடிய வாரத்தில்தான் அது நடந்தது. விடிகாலை நாலு மணி. ஒரு ஆன்டிபயாடிக் பவுடரைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் என்று நினைத்து ஒரு ஆம்பியூலை (சின்ன மருந்துக் குப்பி) எடுத்தேன். உடைத்து, சிரிஞ்சில் இழுத்தும்விட்டேன். பக்கத்தில் நின்ற ட்ரெய்னிப் பிள்ளை, “அக்கா, அது கேசிஎல்” என்றாள். பொட்டாசியம் குளோரைடு. நேராக நரம்பில் போனால் இதயம் நின்றுவிடும். கட்டிலில் படுத்திருந்தவர் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்த காலேஜ் பையன், ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடியே தூங்கிக்கொண்டிருந்தான். இதை என் வீட்டுக்காரரிடம்கூட இரண்டு வருஷம் கழித்துத்தான் சொன்னேன். இப்போது ஊருக்கே சொல்கிறேன், ‘கவனமில்லாத நர்ஸ்’ என்று யாராவது எழுதுவார்கள், எழுதுங்கள்.

‘பிக்ஸட் ஷிப்ட் வைத்தால் யாரோ ஒருத்தி ஆயுசுக்கும் நைட் பார்க்கணுமே?’ நியாயமான கேள்வி. நான் கேட்பது ஒரே ஷிப்ட் என்று யார் சொன்னது? சுற்றி வரட்டும், ஆனால் மாசத்துக்கு ஒரு லிஸ்ட், அதில் ஒயிட்னர் கூடாது. நைட்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்துப் பாருங்கள், கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வார்டில் ஒரு அக்கா, பகலில் பிள்ளைகளோடு இருக்கலாம் என்று நைட்டைத்தான் கேட்பார். அவருக்கு மட்டும் மார்னிங்காகப் போடுவார்கள், அது தனிக் கதை. ராத்திரி ஷிப்ட் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-லேயே சொன்னதை எடுத்துக் காட்டி என்னை மடக்கலாம். மடக்கிக்கொள்ளுங்கள். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நிர்வாகத்திடமும் இல்லை, ஆனால் அவர்களை யாரும் கேட்பதில்லை.

‘போலீஸ், பஸ் டிரைவர் எல்லாம் பார்க்கவில்லையா?’ அவர்களும் கேட்கட்டும், நானா வேண்டாம் என்கிறேன்?

‘தெரிந்துதானே படிக்க வந்தீர்கள்?’ இதற்கு மட்டும் நின்று பதில் சொல்லணும். தெரியாது. 17 வயதில் எனக்கு எதுவும் தெரியாது. ப்ளஸ் டூ முடித்ததும் ‘நர்சிங் படிச்சா வேலை நிச்சயம்’ என்று மாமா சொன்னார், சேர்த்துவிட்டார்கள். முதல் சம்பளம் எட்டாயிரத்துச் சொச்சம், ஒரிஜினல் சர்டிபிகேட் நிர்வாகத்தின் பீரோவில். தனியார் நர்சுகளுக்காக 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு குழு போட்டது. 50 கட்டிலுக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் மாசச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, வேலை நேரமும் லீவும் அரசு நர்சுகளுக்குச் சமமாக இருக்கணும் என்று அந்தக் குழு எழுதியது. எழுதியதோடு சரி. அதற்காக அரசு வேலை சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2015-ல் எம்ஆர்பி (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியாக மாசம் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்த பிள்ளைகள்தான் 2017-ல் சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

அதே வாயால்தான் ‘தெய்வம்’ என்றும் சொன்னீர்கள். 2020 மார்ச்சில் மாடியில் நின்று தட்டைத் தட்டினீர்கள், மே மாதம் ஹெலிகாப்டரில் பூப் போட்டார்கள். தெய்வத்துக்குக்கூட அர்த்தஜாமப் பூஜை முடிந்தால் நடை சாத்தி விடுகிறீர்களே, எங்களுக்கு அதுகூட இல்லையா?

அதே ஊர்தான் பெண் பார்க்க வந்து, “நர்ஸா? ராத்திரி டூட்டி உண்டா?” என்று இழுத்தது. என் தங்கையும் நர்ஸ்தான். காபி டம்ளரைக் கீழே வைக்காமலே ஒரு அம்மா கேட்டார், “வாரத்துல எத்தனை ராத்திரி வீட்ல இருப்பா?” என்று. தங்கை உண்மையைத்தான் சொன்னாள்: “தெரியாது ஆன்ட்டி, லிஸ்ட் மாறிட்டே இருக்கும்.” அந்த இடம் அமையவில்லை. அண்ணனுடைய பதிவில் லைக் போட்ட கூட்டத்தில் அந்த வீட்டுப் பையனின் பெயரையும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன்.

நான் 2021-ல் வெளியே வந்துவிட்டேன். இப்போது ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை. ஆறு மணிக்கு நிற்பது கஷ்டம்தான், ஆனால் நாளைக்கும் அதே ஆறு மணி, அடுத்த மாசமும் அதே ஆறு மணி. போன வாரம் அம்மாவின் இரண்டாவது கண்ணுக்குத் தேதி வாங்கினேன். மத்தியானம் மூணு மணிக்கு. யாரையும் கேட்கவில்லை.

பத்தரை ஆகிவிட்டது, தூங்கணும். திட்டுகிறவர்கள் கமெண்டில் திட்டி வையுங்கள், நாளைக்கு இரண்டு மணிக்கு மேல் வந்து பார்க்கிறேன்.