ஷேட் கார்டும் குறிஞ்சிப் பூவும்

பழைய ஆல்பப் படங்களைப் பகிர்ந்து, 'ஃபிலிம் காலத்தில்தான் நிறம் உள்ளபடி பதிவானது, டிஜிட்டல் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது' என்று எழுதும் நண்பர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். கொடைக்கானலில் முப்பது ஆண்டுகளாகக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரியும் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஃபிலிம் படம் அழகாக இருந்தது என்றால் நானும் தலையாட்டுவேன்; நிறம் சரியாக இருந்தது என்றால் மாட்டேன்.

2006-இல் குறிஞ்சி பூத்தபோது, ஒரு சரிவு முழுவதையும் இரண்டு ரோல் நெகட்டிவ் ஃபிலிமில் எடுத்து, சமவெளியில் இருந்த ஒரு லேபில் கொடுத்தேன். வந்த பிரிண்டில் புல் பச்சை ஏறிக் கிடந்தது, பூவோ சாம்பல் பூத்திருந்தது. சண்டை போட்டுத் திரும்பப் போடச் சொன்னேன். இரண்டாவது முறை புல்லும் பாறையும் ஒழுங்காக வந்தன. பூ மட்டும் ரோஜா நிறத்துக்கு மாறிவிட்டது. அன்று லேப்காரரைத் திட்டியதற்கு இன்றும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் அவருடைய தவறு மிகக் குறைவு.

பிரிண்ட் போடும் இயந்திரம், ஒரு படத்தில் உள்ள நிறங்களை எல்லாம் கலந்தால் ஏறக்குறைய சாம்பல் நிறம் வரும் என்ற கணக்கில்தான் நிறத்தைத் திருத்துகிறது. மலையே ஒரே நிறத்தில் பூத்து நின்றால் அந்தக் கணக்கு தப்பிப்போய், பூவின் நிறத்தையே பிழையென்று எண்ணி அது கழித்துவிடுகிறது. முதல் பிரிண்டின் கதை இதுதான். இரண்டாவதில் குற்றவாளி ஃபிலிமே. சில நீலப் பூக்கள், நம் கண் அநேகமாக உணராத 700 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஆழ்ந்த சிவப்பையும் ஏராளமாக எதிரொளிக்கின்றன. ஃபிலிமின் சிவப்பு அடுக்கு அதையும் பதிந்துகொள்வதால் நீலம் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. அஜெரேட்டம் என்னும் பூவில் பளிச்சென்று தெரிந்ததால் இதற்கு அஜெரேட்டம் விளைவு என்றே பெயர். குறிஞ்சியிலும் நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

2018-இல் மீண்டும் பூத்தபோது கொஞ்சம் தயாராகவே போனேன். பெயின்ட் கடையில் வாங்கிய ஷேட் கார்டை விரித்து, செடியருகே குந்தி அமர்ந்து, பூவோடு இம்மியும் வேறுபடாத ஒரு ஊதாக் கட்டத்தைத் தேடிப் பிடித்தேன். அதை மட்டும் வெட்டி, ஒரு சாம்பல் அட்டையோடு பூவின் பக்கத்தில் வைத்து, டிஜிட்டலில் சில படங்களும், வீட்டில் மிச்சமிருந்த கடைசி ஃபிலிம் ரோலில் சில படங்களும் எடுத்தேன். என் கண்ணுக்குப் பூவும் அட்டையும் ஒரே நிறம். ஃபிலிமில் அட்டை ஊதாவாகவும் பூ ரோஜா கலந்தும் வந்தன. டிஜிட்டலில், சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பை) சரிசெய்த பிறகும், அட்டை ஊதாவாகவே இருக்க, பூ நீலத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டை இரண்டு கேமராக்களும் வெவ்வேறாகப் பார்த்தன. அதுவும் எதிரெதிர்த் திசைகளில்.

டிஜிட்டல் கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டி அந்த ஆழ்ந்த சிவப்பைத் தடுத்துவிடுவதால் ரோஜாச் சாயம் ஏறுவதில்லை. ஆனால் ஊதாவில் ஒரு சிவப்புச் சாயலை நம் கண் உணர்வதுபோல் பல சென்சார்கள் உணர்வதில்லை, ஆகவே ஊதா நீலமாகிறது. ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருகினாலும் இது தீராது, ஏனென்றால் அது படம் முழுவதையும் சேர்த்தே நகர்த்தும்.

ஸ்லைடு ஃபிலிம் மட்டும் யோக்கியமா என்றால், 1990-இல் வந்த வெல்வியா என்ற ஸ்லைடு ஃபிலிமில் குன்னூர்த் தேயிலைத் தோட்டத்தை எடுத்தவர்களைக் கேளுங்கள். அந்தப் பச்சை எந்த இலையிலும் இருந்ததில்லை.

ஒரு விஷயத்தில் ஃபிலிம் பக்கம் நிற்கிறேன். பகல் வெளிச்சத்துக்கான ஃபிலிம், 5500 கெல்வின் என்னும் பகல் வெளிச்சத்தின் நிற அளவுக்கேற்ப அமைக்கப்பட்டது. மூடுபனி இறங்கி வெளிச்சம் நீலம் பாரித்தால் அந்த நீலத்தை அப்படியே காட்டிவிடும். மொபைலோ தானாகவே அதைத் துடைத்து, கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் நடைபாதையின் பனியை மதுரை வெயிலைப்போல் வெளுத்துக் கொடுக்கிறது. ஆனால் இது நாம் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியாக விட்டு வைப்பதால் வரும் வினை. ரா ஃபைலாக, அதாவது கேமரா திருத்தாத மூலப் பதிவாக எடுத்து, 24 கட்டம் கொண்ட நிற அட்டையை ஒருமுறை படமெடுத்து அதற்கேற்பத் திருத்தினால், ஃபிலிமில் கனவிலும் கிடைக்காத அளவுக்கு டிஜிட்டல் நெருங்கிவரும். குறிஞ்சி போன்ற பூவுக்கு மட்டும் கடைசிச் சாயலைக் கையால்தான் நகர்த்த வேண்டியிருக்கிறது. நான் நகர்த்துவது நினைவை நம்பி அல்ல. அந்த ஊதாத் துண்டு இன்றும் என் மேசை இழுப்பறையில், வெளிச்சம் படாமல், கறுப்பு உறைக்குள் இருக்கிறது. 2030-இல் குறிஞ்சி பூக்கும்போது அதைப் பூவின் அருகே மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும், அதற்குள் அது வெளுத்துப்போகாமல் இருந்தால்.