எத்தனை முறைதான் அதே வரம்பை எழுதுவது?

ஜாவா நிரல்மொழியின் ஜெனரிக்ஸில் (எந்த டைப்போடு இயங்குவது என்பதைப் பிறகு நிரப்பிக்கொள்ளும் வசதியில்), தாய் வகுப்பில் டைப் அளவுரு, அதாவது அந்த டைப்புக்கான காலியிடம், கம்பேரபிளாக (ஒப்பிடக்கூடியதாக) இருக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதிய பிறகும், தன் அளவுருவை அதற்குக் கடத்தும் ஒவ்வொரு சேய் வகுப்பிலும் அந்த வரம்பை மீண்டும் எழுதச் சொல்லி நிரலை மொழிபெயர்க்கும் ஜாவா கம்பைலர் அடம்பிடிப்பதை இனியும் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வரம்பு அதற்குத் தெரியாதா? தெரிந்ததால்தானே பிழை காட்டுகிறது! ஆனால் டைப்பைக் குறிக்கும் கோண அடைப்புக்குறியையே அடியோடு மறந்துவிட்டால் மட்டும் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறது. பிழையோ நிரல் ஓடும்போது, சம்பந்தமே இல்லாத ஒரு வரியில், டைப் பொருந்தவில்லை என்னும் காஸ்ட் எக்செப்ஷனாக வெடிக்கிறது.

முழு எண்ணுக்கான இன்டிஜர் வகுப்பு, நம்பர் வகுப்பின் சேய்தான். ஆனால் இன்டிஜர் லிஸ்ட் நம்பர் லிஸ்ட்டின் சேய் அன்று. காரணம் எனக்குப் புரிகிறது: அனுமதித்தால் இன்டிஜர் லிஸ்ட்டுக்குள் ஒரு டபுளை (தசம எண்ணை) போட்டுவிடலாம். அப்படியானால் அர்ரேக்களுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?

2004இல் ஜாவா 5இல் ஜெனரிக்ஸ் வந்தபோது, பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, கம்பைல் செய்தவுடன் டைப் விவரத்தை அழித்துவிடும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால்தான் தாய் வகுப்பு தன்னோடு ஒப்பிடும் கம்பேரபிளாக இருந்தால், சேய் வகுப்பு தனக்கென்று ஒரு கம்பேரபிளை அறிவிக்க முடிவதில்லை. எக்செப்ஷனை நீட்டிக்கும் வகுப்பு ஜெனரிக்காக (டைப் அளவுரு கொண்டதாக) இருக்கவே முடிவதில்லை. அன்றைய முடிவுக்கு இன்றைக்கு நான் ஏன் நள்ளிரவுவரை விழித்திருக்க வேண்டும்?