விழுந்ததற்கு ஒரு அடி, அழுததற்கு ஒரு அடி

விளையாடப் போன பிள்ளை முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், நம் வீடுகளில் அதற்கு முதலில் கிடைப்பது தண்ணீரோ மருந்தோ இல்லை, முதுகில் ஒரு அடி. "ஓடாதேன்னு சொன்னேன்ல?" அழுகையை நிறுத்தச் சொல்லி இன்னொன்று. அதற்குள் உள்ளேயிருந்து, "புள்ளையைப் பாக்காம நீ என்ன பண்ணிட்டிருந்த?" என்று ஒரு குரல் வரும். அது அம்மாவுக்கு. அப்பாவைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பதற்றத்தில் வருகிற கோபம்தான், பாசம் இல்லாமல் இல்லை. சரி. ஆனால் பிள்ளை அதை எப்படிக் கணக்குப் போட்டுக்கொள்கிறது?

அண்ணன் மகள் ஒன்றாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் கீழே விளையாடிவிட்டு வந்தவள், சத்தமில்லாமல் அறைக்குள் போய்விட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால், ஒரு காலை மடக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டே வருகிறாள். கவுனை முட்டிக்குக் கீழே இழுத்துக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். எட்டணா அகலத்துக்குத் தோல் வழண்டு, மண்ணும் ரத்தமுமாகக் கவுன் துணி காயத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் பிரிக்க முடிந்தது. "ஏன்டா தங்கம் சொல்லல?" என்றால், "அம்மா திட்டும். அப்புறம் கீழயே விடமாட்டாங்க" என்கிறாள். வலியைவிட அந்த இரண்டாவது பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

வெறும் சிராய்ப்பு, ஆறிவிடும். அதே இடத்தில் தெருநாயின் நகமோ பல்லோ பட்டிருந்தால்? பிள்ளைகள் நாய்க்குட்டியோடு விளையாடாத தெரு ஏது? ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆனால் பட்டவுடன் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசியைத் தொடங்கி, சொன்ன நாட்களில் எல்லாம் போட்டு முடித்தால் தடுத்துவிடலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசம்தான். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடியென்றால் காயத்திலேயே போடுகிற இன்னொரு மருந்தும் சேர்த்துத் தேவைப்படும். இதெல்லாம் எப்போது நடக்கும்? பிள்ளை வந்து சொன்னால்தான். தலையில் அடிபட்டதும் அப்படித்தான். விழுந்தது தெரிந்தால்தானே, அதற்கப்புறம் வரும் வாந்தியையும் அசாதாரணத் தூக்கத்தையும் பார்த்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்? தெரியாவிட்டால் மத்தியானம் தின்ற ஏதோ ஒன்றின் மேல் பழியைப் போட்டு ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம்.

அதனால்தான் சொல்கிறேன், விழுந்து வந்த பிள்ளையைத் திட்டாதீர்கள். அவ்வளவு கோபம் வந்தால் மறுநாள் திட்டிக்கொள்ளுங்கள்.

சிராய்ப்புக்கு என்ன செய்வது? குழாயடியில் காலை நீட்டச் சொல்லி, மண் போகிற வரை தண்ணீரில் கழுவினாலே பாதி வேலை முடிந்தது. சுற்றிலும் சோப்பு. காபித்தூளும் மஞ்சள்தூளும் சமையலறையிலேயே இருக்கட்டும். நாங்கள் சின்ன வயதில் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தவர்கள்தான். இருந்தாலும், எந்த நாய் காலைத் தூக்கிய செடி என்று தெரியாமல் இன்று அதை என்னால் சிபாரிசு செய்ய முடியாது. "கட்டுப் போடாதே, காத்தாட விடு" என்பதும் பழைய பாடம். 1962இலேயே ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்து, காயவிட்ட புண்ணைவிட ஈரம் போகாமல் மூடிவைத்த புண்ணில் புதுத் தோல் சீக்கிரம் வளர்வதைக் காட்டிவிட்டார். கொஞ்சம் வாஸ்லின், மேலே சுத்தமான கட்டு, அழுக்கானால் மாற்றுங்கள். அழுத்திப் பிடித்தும் 10 நிமிடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றாலோ, வாய் பிளந்த காயம் என்றாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம்.

அப்புறம் டெட்டனஸ் வராமல் தடுக்கப் போடும் டிடி ஊசி. ஒவ்வொரு சிராய்ப்புக்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஒன்றரை, ஐந்து, பத்து, பதினாறு வயது என்று அட்டவணைப்படி ஊசி போட்டிருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. அழுக்கான காயம், கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டிவிட்டது என்றால் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அதற்குத் தடுப்பூசி அட்டை கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வீட்டையே கவிழ்த்துத் தேடினோம். கேஸ் புத்தகத்துக்குள் இருந்தது.