பாத்திமா பீவி: நீதிபதியா, தலைமை நீதிபதியா?

தமிழக ஆளுநராக இருந்த பாத்திமா பீவி, இந்தியாவின் முதல் பெண் தலைமை நீதிபதி என்று சிலர் பகிர்ந்துள்ளனர். அவர் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. தலைமை நீதிபதியாக இருந்ததில்லை. 1989 அக்டோபரில் பதவியேற்று, 1992 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அந்த இரண்டரை ஆண்டுகளில் வெங்கடராமையா, சப்யசாச்சி முகர்ஜி, ரங்கநாத் மிஸ்ரா, கே.என். சிங், கனியா என ஐந்து பேர் தலைமைப் பொறுப்பில் இருந்தார்கள், எல்லோரும் ஆண்கள். ஐயமிருந்தால் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் முன்னாள் தலைமை நீதிபதிகள், முன்னாள் நீதிபதிகள் என்று தனித்தனியாக இருக்கும் பட்டியல்களைப் பாருங்கள். இரண்டாவதில்தான் அவர் பெயர் இருக்கிறது. நாடு விடுதலை பெற்று நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு பெண் அந்த நீதிமன்றத்தில் நீதிபதியானார். இல்லாத பட்டம் எதற்கு?