ஆச்சி எந்த ஊர்?

(திருச்சியில் ஒரு வீடு. அக்டோபர் 10, மனோரமா நினைவு நாள். நகைச்சுவைச் சேனல் ஒன்று காலையிலிருந்து ஆச்சியின் காட்சிகளையே ஓட்டிக்கொண்டிருக்கிறது. ராஜகோபால் மன்னார்குடிக்காரர். அவர் மனைவி மீனாள் பள்ளத்தூர்ப் பெண். கல்யாணமான நாள் முதல் நடக்கும் வழக்கு இது.)

ராஜகோபால்: மீனாள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு. எங்கள் ஊர் மனோரமா பேசுகிறார்.

மீனாள்: நினைவு நாளும் அதுவுமாகப் பொய் சொல்லாதீர்கள். ஆச்சி பள்ளத்தூர்.

ராஜகோபால்: பிறந்தது 1937 மே 26. பிறந்த ஊர் மன்னார்குடி. வீட்டில் வைத்த பெயர் கோபிசாந்தா. எங்கள் ராஜகோபாலசுவாமியே பாதி அந்தப் பெயரில் இருக்கிறார் பார்.

மீனாள்: உங்கள் பெயரில் முழுசாகவே இருக்கிறாரே. உங்களைப் பார்த்து யாராவது சிரித்திருக்கிறார்களா?

ராஜகோபால்: நீ தினமும் சிரிக்கிறாயே!

மீனாள்: அது வேறு சிரிப்பு.

ராஜகோபால்: ‘மன்னார்குடி மதிலழகு’ என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த மதிலுக்குள் பிறந்தவர்.

மீனாள்: அந்த மதிலைத் தாண்டித்தானே அவர் அம்மா சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார்? அப்போது மன்னார்குடியில் ஒருத்தராவது ‘போகாதே அம்மா’ என்று தடுத்தீர்களா? இப்போது பங்கு கேட்டு வந்துவிட்டீர்கள்.

ராஜகோபால்: என்ன சொன்னாலும் பட்டா எங்கள் பேரில்தான்.

மீனாள்: பட்டா உங்களிடமே இருக்கட்டும். அனுபவ பாத்தியதை எங்களுடையது. மேடை ஏறியது எங்கள் பக்கம். ‘பள்ளத்தூர்ப் பாப்பா’ என்றுதான் பெயர். ‘மன்னார்குடிப் பாப்பா’ என்று ஒரு நாடக நோட்டீஸ் காட்டுங்கள், வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ராஜகோபால்: நாடகம் சரி. சினிமா?

மீனாள்: 1958, மாலையிட்ட மங்கை. தயாரித்தவர் கண்ணதாசன். கண்ணதாசன் எந்த ஊர்?

ராஜகோபால்: (மெதுவாக) சிறுகூடல்பட்டி.

மீனாள்: காதில் விழவில்லை.

ராஜகோபால்: சிறுகூடல்பட்டி! உங்கள் காரைக்குடிப் பக்கம்! போதுமா? கதாநாயகி ஆசையோடு போன பெண்ணுக்குக் காமெடி வேடம் கொடுத்தாரே உங்கள் கவிஞர், அதையும் சொல்.

மீனாள்: கொடுத்ததால்தான் இன்றைக்கும் டிவியில் ஓடுகிறது. 1963-இல் கொஞ்சும் குமரியில் கதாநாயகியாகவும் நடித்துவிட்டார். அன்றைக்கு இருந்த கதாநாயகிகளில் எத்தனை பேருக்கு இப்படிக் காலையிலிருந்து ராத்திரி வரை படம் போடுகிறார்கள்?

ராஜகோபால்: சரி, எங்கள் பக்கத்துக்கு வா. திருக்குவளைக்காரர் கலைஞர். அவரோடு மேடையில் நடித்தார்.

மீனாள்: அண்ணாவோடும்தான் மேடையில் நடித்தார். அப்புறம் சினிமாவில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவுக்கு என்.டி.ஆர். ஐந்து முதலமைச்சர்கள். உங்கள் கணக்குப்படி ஹைதராபாத்துக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும்.

ராஜகோபால்: ஐந்து முதலமைச்சர்! எனக்கு ஒரு கவுன்சிலரைப் பார்க்கவே சிபாரிசு தேவைப்படுகிறது.

மீனாள்: நீங்கள் நடிக்கத் தெரியாமல் போய் நிற்கிறீர்கள்.

(டிவியில் ‘வா வாத்தியாரே ஊட்டாண்ட’ ஆரம்பிக்கிறது.)

ராஜகோபால்: ஐயோ, கதவைச் சாத்து! எதிர்வீட்டுக்காரர் சைதாப்பேட்டை. இந்தப் பாட்டைக் கேட்டால் அவரும் வழக்கில் சேர்ந்துகொள்வார்.

மீனாள்: 1968, பொம்மலாட்டம். சொந்தக் குரலில் பாடினார். மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்த இழுப்பு வராது. நம் கோயம்புத்தூர்ச் சம்பந்தியம்மா என்ன சொன்னார் தெரியுமா? சின்ன கவுண்டர் பார்த்துவிட்டு, ‘அந்த ஆத்தா எங்க பக்கமுங்க’ என்று சத்தியம் செய்தார்.

ராஜகோபால்: சம்பந்தியம்மா சொன்னதை நாம் மறுக்க முடியாது. அவர்களுக்கு ஒரு கால் பங்கு எழுதிவிடு.

மீனாள்: உங்கள் பங்கிலிருந்து எழுதுங்கள்.

ராஜகோபால்: எனக்கு ஒரு விஷயம்தான் ஆறவில்லை. நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஜோடி மாறிக்கொண்டே இருந்தது, இந்த அம்மா மட்டும் மாறவில்லை. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துக் கின்னஸில் ஏறினார். 1988-இல் பாட்டி சொல்லைத் தட்டாதே வந்தபோது பாட்டிதான் படத்தையே தூக்கிக்கொண்டு போனார்.

மீனாள்: கூட அந்தக் காரும் நன்றாக நடித்தது.

ராஜகோபால்: காரை விடு. இத்தனைக்கும் தேசிய விருது எதற்கு? 1989-இல் வந்த புதிய பாதையில் குணச்சித்திர நடிப்புக்கு. அத்தனை வருஷம் வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தாரே, அதற்கு?

மீனாள்: சிரிப்பது சுலபம், சிரிக்கவைப்பதும் சுலபம் என்று நினைப்பவர்கள்தானே கமிட்டியில் உட்காருகிறார்கள்? 2002-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதுவரைக்கும் லாபம்.

ராஜகோபால்: 2015-இல் அந்தச் செய்தி வந்த அன்று நீ செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா?

மீனாள்: என்ன கூத்து? எல்லாச் சேனலிலும் ஆச்சி காமெடி. பாதி அழுகை, பாதி சிரிப்பு. எனக்கு எதுவோ பிடித்துவிட்டது என்று உங்கள் அம்மா ஓடிவந்து திருநீறு பூசினார்.

ராஜகோபால்: பூசிவிட்டு அம்மாவும் உன் பக்கத்தில் உட்கார்ந்து அதையேதானே செய்தார். அப்புறம் நான்தான் இரண்டு பேருக்கும் பூச வேண்டியிருந்தது.

(டிவியில் ஜில் ஜில் ரமாமணி வருகிறார்.)

ராஜகோபால்: தில்லானா மோகனாம்பாள்! இது சுத்தமான தஞ்சாவூர்ச் சீமை. சிக்கல் சண்முகசுந்தரம். இதில் உனக்குப் பேச்சே கிடையாது.

மீனாள்: சிக்கல் நாகப்பட்டினம் மாவட்டம். மன்னார்குடி திருவாரூர் மாவட்டம். தஞ்சாவூரை எதற்கு இழுக்கிறீர்கள்?

ராஜகோபால்: பேசாமல் பார். முன்னால் இருப்பது சிவாஜி. மற்றவர்களாக இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த அம்மா என்ன கேட்கிறார்? இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருகிறதா, எல்லா நாயனத்திலுமா என்கிறார்!

மீனாள்: கேட்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். துளிக்கூடக் கிண்டல் கிடையாது. ரமாமணிக்கு அது நிஜமான சந்தேகம், தெரிந்துகொள்ளாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. நான் சிரிப்புக் காட்டுகிறேன் பார் என்று கேட்டிருந்தால் ஒருத்தர் சிரித்திருக்க மாட்டார்.

ராஜகோபால்: ம்... குரல் ஒன்றே போதும். கண்ணை மூடிக்கொண்டே கேட்கலாம்.

மீனாள்: அதுவும் அந்த வெகுளியை வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் நம் கண்ணையும் கலங்க வைத்துவிடுகிறார். அது எல்லாருக்கும் வராது. என்ன சொல்கிறீர்கள்?

(பதில் இல்லை. சோபாவிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வருகிறது.)

மீனாள்: ஏங்க!

ராஜகோபால்: (திடுக்கிட்டு) தூங்கவில்லை, தூங்கவில்லை. ரசித்துக்கொண்டிருந்தேன்.

மீனாள்: நன்றாக ரசியுங்கள். எனக்கு ஒரு சந்தேகம், கேட்கலாமா?

ராஜகோபால்: கேள்.

மீனாள்: இந்தச் சத்தம் உங்கள் மூக்கில் மட்டும்தான் வருகிறதா, இல்லை, மன்னார்குடி மூக்கு எல்லாமே இப்படித்தானா?