ஐம்பத்து நான்கு என்று ஒரு கட்சி இல்லை

அந்த அட்டையை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். இந்த வாரம் என் நட்பு வட்டத்தில் அதைப் பகிராதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் "75-க்கு 54" என்று போட்டு, அதன் கீழே "மக்கள் விடுதலைக்கு வாக்களித்தார்கள், தலைவர்கள் துரோகம் செய்தார்கள்" என்று எழுதி, வட ஸ்பெயினிலுள்ள பாஸ்க் பகுதியின் ஆட்சித் தலைவராகக் கெர்னிகா ஊரின் மரபு ஓக் மரத்தடியில் பதவியேற்கும் இமனோல் பிரதாலெஸின் முகத்தின் மேல் ஒரு குறுக்குக் கோடும் இழுத்திருந்தார்கள். அதற்குக் கீழே நான் நான்கே வரியில் ஒரு மறுப்பு எழுதினேன். அதற்குக் கிடைத்த மரியாதையையும் பார்த்திருப்பீர்கள். "மாட்ரிட்டிலிருந்து சம்பளம் மாதாமாதம் சரியாக வருகிறதா?" என்று கேட்டவர் என் திருமணத்துக்கு முதல் நாளே வந்து பந்தி பரிமாறியவர் என்பதால், கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது.

நான்கு வரி போதவில்லை போலும். நீளமாகவே சொல்கிறேன்.

2024 ஏப்ரல் 21 அன்று பாஸ்க் தன்னாட்சிப் பகுதியின் 75 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்துக்கு நடந்த தேர்தலில் பாஸ்க் தேசியவாதக் கட்சிக்கு 27 இடங்கள், தனிநாடு கோரும் இடதுசாரிப் பில்டு கூட்டணிக்கு 27, சோசலிஸ்டுகளுக்கு 12, மக்கள் கட்சிக்கு 7, 'சுமார்' என்ற இடதுசாரிக் கட்சிக்கும் 'வாக்ஸ்' என்ற தீவிர வலதுசாரிக் கட்சிக்கும் தலா ஒன்று. இதில் 54 எங்கே இருக்கிறது? பாஸ்க் தேசியம் பேசும் முதல் இரண்டு கட்சிகளின் 27-ஐயும் 27-ஐயும் கூட்டினால் 54 வரும் என்பது எனக்கும் தெரியும். கூட்டியது யார் என்பதுதான் என் கேள்வி. வாக்காளர்கள் கூட்டவில்லை. அந்த இரண்டு கட்சிகளும் கூட்டவில்லை. அட்டை போட்டவர் கூட்டினார். கூட்டிவிட்டு, தான் போட்ட கணக்குக்கு மற்றவர்கள் துரோகம் செய்துவிட்டதாக அழுகிறார்.

அந்த இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று வீழ்த்தத்தான் களத்தில் நின்றன. 2012 முதல் ஆட்சித் தலைவராக, அதாவது லெஹெண்டகாரியாக, இருந்த இன்யிகோ உர்குல்யுவை ஒதுக்கிவைத்துவிட்டுத் தேசியவாதக் கட்சி பிரதாலெஸை நிறுத்தியதே பில்டு கழுத்தருகே வந்துவிட்ட பயத்தில்தான். பில்டு பெல்யோ ஒச்சாந்தியானோவை முன்னிறுத்தியது. முதல் முறையாக முதலிடத்துக்கு வந்துவிடும் என்றே பல கருத்துக்கணிப்புகள் சொல்லின. தேசியவாதக் கட்சியும் சோசலிஸ்டுகளும் 2016 முதல் கூட்டாக ஆள்கிறார்கள். இந்த முறையும் சேர்வார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. பில்டுவின் வேட்பாளரை லெஹெண்டகாரி ஆக்கமாட்டோம் என்று சோசலிஸ்ட் தலைவர் எனெகோ அந்துவேசா தேர்தலுக்கு முன்பே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். எல்லாம் தெரிந்தேதான் மக்கள் வாக்களித்தார்கள். ஜூன் மாதம் நாடாளுமன்றத்தில் பிரதாலெஸுக்கு 27-உம் 12-உம் சேர்ந்து 39 வாக்குகள் கிடைத்தன, ஒச்சாந்தியானோவுக்கு 27. சொன்னதைச் செய்தவர்களைத் துரோகி என்று அழைக்கும் ஒரே இடம் நம்முடைய கருத்துப்பெட்டிதான்.

நான் பில்பாவுக்குப் பக்கத்தில் பரகால்தோவில் குடியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். இந்த ஊரில் கட்சிகள் தங்கள் வாக்குச்சீட்டை உறையோடு வீட்டுக்கே அஞ்சலில் அனுப்பிவிடும். பிடித்ததை உறையிலிட்டு எடுத்துப்போய் வாக்குச்சாவடியில் போடலாம். வீட்டம்மா தேசியவாதக் கட்சியின் உறையைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் பத்திரமாக வைத்திருந்தார். மகள் பில்டுக்காரர், அவருடைய உறை கைப்பைக்குள் மருந்துச் சீட்டுகளோடு கிடந்தது. மருமகன் அரசு மருத்துவச் சேவையான ஒசாகிடெட்சாவில் செவிலியர். கருவாட்டுக் காட் மீனை ஆலிவ் எண்ணெயிலும் பூண்டிலும் போட்டு, சட்டியைச் சுற்றிச் சுற்றி அசைத்துக் குழம்பாக்கும் அந்த நேரம் முழுவதும் அவர்கள் சண்டை போட்டது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சிறப்பு மருத்துவரைப் பார்க்க எத்தனை மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதற்கு. அடுத்தது வீட்டு வாடகை. தனிநாடு என்ற பேச்சு காப்பி வரும்வரை வரவே இல்லை. நான்தான் வாயைக் கொடுத்துக் கேட்டேன். "எனக்கு வேண்டும்தான், ஆனால் இந்தத் தேர்தல் அதற்கல்ல" என்றார் மகள். தாயார் எழுந்துபோய்ச் சர்க்கரை எடுத்துவந்தார்.

ஒரு வீட்டை வைத்து ஒரு நாட்டைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லவேண்டாம். பில்டுவின் பிரசாரத்தையே பாருங்கள்: தனிநாட்டை முன்னால் வைக்காமல் மருத்துவம், வீடு, முதியோர் பராமரிப்பு என்றுதான் அவர்கள் வாக்குக் கேட்டார்கள். அதனால்தான் 2020-இல் 21 இடங்களில் இருந்தவர்கள் 27-க்கு வந்தார்கள். பிளவுபட்டு நின்ற ஸ்பெயின் தழுவிய இடதுசாரிகள் 6 இடங்களிலிருந்து ஒன்றுக்குச் சரிந்ததும் அவர்களுக்கு உதவியது. அவர்களுடைய வெற்றிக்கு அவர்களே சொல்லாத காரணத்தை நாம் எதற்காக இங்கிருந்து கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்?

"பில்டுவிடமிருந்து வெற்றியைத் திருடிவிட்டார்கள்" என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். இவருக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்தது நேர்மாறு. அராபா, பிஸ்காயா, கிபுஸ்கோவா என்று மூன்று மாகாணங்கள். ஒவ்வொன்றுக்கும் 25 இடங்கள். அராபாவில் ஏறத்தாழ மூன்றேகால் லட்சம் பேர், பிஸ்காயாவில் பதினொரு லட்சத்துக்கும் மேல். இரண்டுக்கும் அதே 25 தான். மாகாணங்கள் தமக்குள் சமம், ஆகவே மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் இடங்களும் சமம் என்பது அவர்களுடைய பழைய மாகாண உரிமை மரபிலிருந்து வந்த ஏற்பாடு. அராபாவில் போடும் ஒரு வாக்கு பிஸ்காயாவின் மூன்று வாக்குகளுக்கும் மேல் எடை உள்ளது. இந்த முறை பில்டு அராபாவிலும் கிபுஸ்கோவாவிலும் முதலிடம் பிடித்தது. தேசியவாதக் கட்சியின் வாக்குகள் பிஸ்காயாவில் குவிந்து கிடந்தன. மொத்தத்தில் தேசியவாதக் கட்சி ஏறத்தாழ 29 ஆயிரம் வாக்குகள் அதிகம் பெற்றும் இடங்கள் 27-க்கு 27 என்று நின்றதற்கு இதுதான் காரணம். யாராவது அழுவதாக இருந்தால் தேசியவாதக் கட்சிதான் அழவேண்டும். அவர்கள் அழவில்லை, இந்த ஏற்பாட்டை அமைத்ததில் பெரும்பங்கு அவர்களுடையது என்பதால் அழவும் முடியாது.

"தேசியவாதிகள் சேர்ந்து ஆண்டிருக்கலாமே, ஏன் சேரவில்லை?" என்பது இருப்பதிலேயே நியாயமான கேள்வி. சேர்ந்து பார்த்தார்கள் ஐயா. 1998-இல் லிசாராவில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்; தனிநாட்டுக்காக ஆயுதம் ஏந்திய எட்டா இயக்கம் போர்நிறுத்தம் அறிவித்தது; இன்றைய பில்டுவின் முன்னோடிகள் கொடுத்த வாக்குகளோடு ஹுவான் ஹோசே இபர்ரெச்சே லெஹெண்டகாரி ஆனார். 1999 இறுதியில் எட்டா போர்நிறுத்தத்தை முறித்தது. 2000 பிப்ரவரியில், பாஸ்க் நாடாளுமன்றத்தில் சோசலிஸ்ட் குழுவின் தலைவராக இருந்த பெர்னாந்தோ புவேசாவும் அவருடைய மெய்க்காவலரான இளம் காவலரும் விட்டோரியா நகரில் கார் குண்டுக்குப் பலியானார்கள். அந்தக் கூட்டுக்கணக்கின் விடை அதுதான். பின்பு 2004 டிசம்பரில் ஸ்பெயினோடு விருப்பத்தின் பேரில் இணைந்திருக்கும் அந்தஸ்தைக் கோரிய இபர்ரெச்சேயின் புதிய சாசனத் திட்டம் பாஸ்க் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அன்றும் 39 வாக்குகள்தான், அவற்றில் தடைசெய்யப்பட்ட கட்சியினரின் மூன்று வாக்குகளும் உண்டு. மாட்ரிட் நாடாளுமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சரி, மக்கள் கொதித்தெழுந்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? சில வாரங்களில் நடந்த 2005 தேர்தலில் இபர்ரெச்சேயின் அணி 33-லிருந்து 29-க்கு இறங்கியது.

இன்னும் பின்னால் போகலாம். 1986-இல் தேசியவாதக் கட்சி உடைந்து, எல்லாப் பாஸ்க் கட்சிகளையும் கூட்டினால் 52 இடங்கள் வந்தன. அட்டை அச்சடிக்க அன்றைக்கே வசதியான எண். ஆனால் 19 இடங்கள் வைத்திருந்த சோசலிஸ்டுகள் 17 இடங்கள் வைத்திருந்த தேசியவாதக் கட்சியின் ஹோசே அந்தோனியோ அர்தன்சாவுக்குத் தலைமையை விட்டுக்கொடுத்து ஆட்சியில் சேர்ந்தார்கள். "ஸ்பெயின் கட்சி" என்று நீங்கள் எச்சிலாகத் துப்பும் அதே கட்சி. அப்போது உடைந்து வெளியேறிய பிரிவு இன்று பில்டு கூட்டணிக்குள் இருக்கிறது. எட்டாவின் வன்முறையை எப்போதும் எதிர்த்தவர்கள் அவர்கள். ஆகவே "பில்டு என்றால் எட்டா" என்று மறுபக்கத்திலிருந்து என் உள்பெட்டிக்கு வந்து குதித்தவர்களுக்கும் இதே பதில்தான்: உங்கள் அட்டையையும் நான் பகிரப்போவதில்லை.

"அப்படியானால் 2009-இல் நடந்தது ஜனநாயகமா?" இல்லை. அது எனக்கு ஒப்பவில்லை. இடது தேசியவாதிகளின் வேட்பாளர் பட்டியல்களைத் தடைசெய்து, சுமார் ஒரு லட்சம் பேர் செல்லாத வாக்குப் போடும் நிலைக்குத் தள்ளி, சோசலிஸ்டுகளின் 25-உம் மக்கள் கட்சியின் 13-உம் கூட்டி 38 என்று சோசலிஸ்ட் பட்சி லோபெஸ் லெஹெண்டகாரி ஆனார். சட்டப்படி சரி என்றார்கள். இருக்கட்டும், எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி 2024-க்கு வாருங்கள். இந்த முறை எந்தப் பட்டியலும் தடைசெய்யப்படவில்லை, பில்டு சுதந்திரமாக நின்றது, வரலாறு காணாத இடங்களைப் பெற்றது, எதிர்க்கட்சியாக அமர்ந்தது.

துரோகம் என்ற பட்டத்தைப் பிரதாலெஸுக்குச் சூட்டியவர்கள் அவர் யார் என்றாவது பார்த்தீர்களா? சான்டுர்ட்சியில் பிறந்தவர். பிரதாலெஸ், கில் என்று அவருடைய இரண்டு குடும்பப் பெயர்களுமே பாஸ்க் பெயர்கள் அல்ல. 1895-இல் அந்தக் கட்சியைத் தொடங்கிய சபினோ அரானா, தாத்தா பாட்டி நால்வருக்கும் பாஸ்க் குடும்பப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்த கட்சி அது. அந்தக் கட்சி இன்று கெர்னிகா மரத்தடியில் அவரை நிறுத்தியிருக்கிறது. நான் இருக்கும் பரகால்தோவில் பாதித் தெரு இப்படித்தான்: காஸ்டில்யாவிலிருந்தும் கலிசியாவிலிருந்தும் எஸ்ட்ரெமதூராவிலிருந்தும் இரும்பு உலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். 1996-இல் உலைகள் அணைந்தன, மக்கள் இங்கேயே இருந்துவிட்டார்கள். இவர்களில் யார் இனம், யார் துரோகி என்று எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து பிரித்துத் தருகிறீர்கள். பெரிய உபகாரம்.

எனக்கு உண்மையில் எது எரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன அந்த மருமகனின் தந்தை சோசலிஸ்ட் கட்சியின் நகராட்சி உறுப்பினராக இருந்தவர். பல ஆண்டுகள் ரொட்டி வாங்கப் போவதற்கும் கூட இரண்டு மெய்க்காவலர்கள். காலையில் காரின் அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாராம். முழங்கால் வலி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மறுபக்கத்தில், மகளின் உறவினர் ஒருவர் சிறையில் இருந்தபோது அவரைப் பார்க்க அந்தக் குடும்பம் தீபகற்பத்தின் தென்கோடி வரைக்கும் பேருந்தில் போய்வந்திருக்கிறது. எட்டாவுக்கு எதிரான அரசின் நிழல் படையான ஜி.ஏ.எல். (GAL) ஆட்களைக் கடத்திக் கொன்ற நாட்களையும் அவர்கள் மறக்கவில்லை. இந்த இரண்டு குடும்பங்களும் இன்று சம்பந்திகள். 2011-இல் எட்டா ஆயுதப் போராட்டத்தைக் கைவிட்டது, 2018-இல் கலைந்தது. அதன் பிறகுதான் அந்த மேசையில் காத்திருப்புப் பட்டியலைப் பற்றிச் சண்டை போடும் வசதி அவர்களுக்குக் கிடைத்தது. அந்த வசதி உங்களுக்குச் சப்பென்று இருக்கிறது. பிரசாரத்தின்போது எங்கள் பரகால்தோவில் பிரதாலெஸின் முகத்தில் ஒருவன் மிளகுத்தூள் தெளிப்பானை அடித்தபோதும், எட்டாவைப் பற்றி ஒரு வானொலிப் பேட்டியில் பட்டும்படாமலும் பேசிய ஒச்சாந்தியானோ பின்பு பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டபோதும் ஊர் அதிர்ந்தது ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. அட்டையில் அதற்கு இடமில்லை.

"வாக்கே இல்லாத உனக்கு என்ன பேச்சு?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், எனக்கு வாக்கு இல்லை. ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு மக்களவைக்கு வாக்களித்தது. நேரில் வந்தால்தான் வாக்கு, விடுப்புக் கிடைக்கவில்லை. ஏப்ரல் 21 அன்று இங்கே வாக்களித்தார்கள். ஸ்பெயின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு இந்தத் தேர்தலில் இடமில்லை, இந்தியர்கள் அதற்கு விண்ணப்பிக்கவே பத்தாண்டுகள் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். பள்ளிக்கூட வாசல் வரை பக்கத்து வீட்டம்மாவுக்குக் கை கொடுத்து அழைத்துப்போய், கண்ணாடிப் பெட்டிக்குள் உறை விழுவதை வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆனால் வரி கட்டுகிறேன். அதை வசூலிப்பது மாட்ரிட் அல்ல, பிஸ்காயா மாகாண அரசு. அவர்கள் தாமே வசூலித்துத் தங்கள் பங்கை மாட்ரிட்டுக்கு அனுப்புகிறார்கள். மாட்ரிட் சம்பளம் என்று கேட்டவர் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

தனிநாடு கேட்கும் உரிமை பில்டுவுக்கு வாக்களித்தவர்களுக்கு உண்டு, தேசியவாதக் கட்சிக்கு வாக்களித்தவர்களுக்கும் உண்டு. கேட்கும்போது அவர்களே கேட்பார்கள். அதுவரை 27-உம் 27-உம் தான். அட்டையைப் பகிர்ந்தவர்கள் திருத்தம் போடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இல்லை. நேற்று இரவு அதே அட்டையை வேறு வண்ணத்தில் மறுபடி பார்த்தேன். கருத்துப்பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறேன். எண்களில் பிழை இருந்தால் எழுதுங்கள், பேசுவோம். துரோகி என்று எழுதுபவர்களின் கருத்தை நீக்கிவிடுவேன், அவர் என் திருமணத்தில் எந்தப் பந்தியில் பரிமாறியிருந்தாலும் சரி.