நானோ வைரஸைக் கொல்வதில்லை

'நானோ' என்று அச்சடித்தால் முகக்கவசமும் விற்கும், ஸ்ப்ரேயும் விற்கும், சுவர் பெயின்ட்டும் விற்கும். அந்தக் கடைச்சரக்கை விடுங்கள். வைரஸ் விஷயத்தில் நானோ, அதாவது கண்ணுக்கே தெரியாத நுண்துகள், நிஜமாகவே சாதித்தது கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசியில். அங்கேயும் அது வைரஸைத் தொடவில்லை. எம்ஆர்என்ஏ என்ற சரக்கை, அதாவது வைரஸின் ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும் குறிப்பை, செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான்.

ஃபைசர் தடுப்பூசியில் எம்ஆர்என்ஏவைச் சுமக்கும் துகளில் நாலு கொழுப்புகள்: ஏஎல்சி-0315, கொலஸ்ட்ரால், டிஎஸ்பிசி, கொஞ்சூண்டு ஏஎல்சி-0159. மோல் கணக்கில், அதாவது மூலக்கூறு எண்ணிக்கையில், 46.3 : 42.7 : 9.4 : 1.6. சூட்சுமம் 0315-இல்தான். கொழுப்புகளை எத்தனாலிலும், எம்ஆர்என்ஏவை பிஎச் 4 உள்ள அமிலக் கரைசலிலும் கரைத்து, ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் வேகமாக மோதவிட வேண்டும். அமிலத்தில் 0315 நேர்மின்னூட்டம் பெற்று எம்ஆர்என்ஏவைக் கவ்விக்கொள்ளும்; 100 நானோமீட்டருக்குள் துகள் திரண்டுவிடும். கலக்கும் வேகம் குறைந்தால் துகள் பெருத்துப்போகும், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பிறகு எத்தனாலை நீக்கி, அமிலம் போக பிஎச்சை 7.4க்கு ஏற்றினால் மின்னூட்டம் அடங்கிவிடும். செல் அதை விழுங்கி, எண்டோசோம் என்ற பைக்குள் போட்டு அமிலமாக்கும்போது மின்னூட்டம் திரும்ப வந்து பையின் சவ்வைக் குலைக்கிறது. அப்படிப் பையிலிருந்து தப்பி வெளியே வரும் எம்ஆர்என்ஏ சொற்பம்தான். பெரும்பகுதி உள்ளேயே சிதைந்துவிடும். இந்தத் துறையின் பெரிய ஓட்டை இன்னும் இதுதான்.

இவ்வளவு நுட்பமான பொருள் கடைசியில் ஒரு நர்ஸின் கையில்தான் நிற்கிறது. முதலில் வந்த ஊதா மூடிக் குப்பியில் 0.45 மில்லி மருந்து. அதில் 1.8 மில்லி சலைன் சேர்த்து, ஊசியை உருவும் முன் அதே அளவு காற்றை வெளியே இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தத்தில் மருந்து பீறிடும். பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தலாம், குலுக்கவே கூடாது. குலுக்கினால் துகள்கள் சிதைந்து ஒட்டிக்கொள்ளும். ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். சலைன் சேர்க்க மறந்து 0.3 மில்லியை அப்படியே ஏற்றினால் 30க்குப் பதில் 150 மைக்ரோகிராம் போய்விடும். 2020 டிசம்பரில் ஜெர்மனியின் ஷ்ட்ரால்சுண்டில் முதியோர் இல்ல ஊழியர்கள் எட்டுப் பேருக்குத் தவறுதலாக ஐந்து மடங்கு மருந்து ஏறியது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கலக்கும் வேலையையே ஊசி போடும் இடத்தில் வைத்திருக்கக் கூடாது. பின்னால் வந்த சாம்பல் மூடிக் குப்பியில் அது இல்லை. பிஎச் மாறாமல் காக்கும் பஃபர் உப்பை மட்டும் மாற்றி, பாஸ்பேட்டுக்குப் பதில் ட்ரிஸ் போட்டார்கள், சாதாரண ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாங்கியது பத்து வாரம் தாங்கியது. கொழுப்பில் ஒன்றைக்கூட மாற்றவில்லை!

அதனால்தான் சொல்கிறேன், புதுத் துகள் கண்டுபிடிப்பதற்குக் கொட்டும் பணத்தில் பாதியையாவது தடுப்பூசியைப் பொடியாக உலர்த்தும் வேலைக்குக் கொடுங்கள். எம்ஆர்என்ஏவைச் சிதைப்பது தண்ணீர். புனேயின் ஜென்னோவா 2022-இல் அனுமதி வாங்கிய ஜெம்கோவாக்-19 உறையவைத்து உலர்த்திய பொடி. 2 முதல் 8 டிகிரியில், அதாவது நம் ஆரம்ப சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜிலேயே இருக்கும். ஃபைசர் தடுப்பூசிக்குத் தேவைப்பட்டது போன்ற மைனஸ் 70 டிகிரி ஃபிரீசரை நம்பி அடுத்த கொள்ளைநோய்க்குத் திட்டம் போடுகிறவர்கள், மின்வெட்டுள்ள ஊரில் ஜெனரேட்டர் டீசல் செலவையும் கணக்கில் எழுதட்டும்.